ஃபோட்டான் அவர்கள் தருவார்கள், பிறந்த இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும்: ஃபெர்மி தரவுச் சேவை, ஒரு விமர்சனம்

வானத்திலிருந்து வரும் காமா கதிர்களின் பிறப்பிடத்தைத் தேட விரும்பும் யாருக்கும் முதலில் கைகாட்ட வேண்டிய இடம் நாசாவின் ஃபெர்மி அறிவியல் ஆதரவு மையம். பணம் கிடையாது, பதிவு கிடையாது, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதும் கிடையாது. ஃபெர்மி என்ற காமா கதிர்ச் செயற்கைக்கோள் இறக்கிய தரவு சில மணி நேரத்தில் பொதுவுக்கு வந்துவிடுகிறது. ஆய்வுக்குழு பயன்படுத்தும் அதே மென்பொருளும் உங்களுக்குக் கிடைக்கிறது. தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இந்தச் சேவை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று புரியாமல் இறங்கினால் அழகான படமும் தவறான முடிவும்தான் மிஞ்சும். கீழே இருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

ஃபெர்மி 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்டது. அதன் முதன்மைக் கருவியான பெரும்பரப்பு தொலைநோக்கி, சுருக்கமாக லாட், ஏறத்தாழ 20 எம்இவி முதல் 300 ஜிஇவிக்கு மேல் வரை பார்க்கும் (எம்இவி, ஜிஇவி, டிஇவி, பிஇவி என்பவை ஆற்றல் அலகுகள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஆயிரம் மடங்கு). ஒரே நேரத்தில் வானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதன் கண்ணில் படும். இரண்டு சுற்றில், அதாவது சுமார் 3 மணி நேரத்தில், முழு வானமும் முடிந்துவிடும். 2009 ஆகஸ்ட் முதல் ஃபோட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், பட்டியல் பொதுவில் உள்ளது. ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் வந்த நேரம், திசை, ஆற்றல், தரவகுப்பு எல்லாம் வரிசையாக இருக்கும்.

தரவு கேட்கும் படிவம் பார்க்கப் பழைய பாணிதான், வேலை மட்டும் ஒழுங்காக நடக்கிறது. பொருளின் பெயர் அல்லது ஆயத்தொலைவு, தேடும் ஆரம், தேதி, ஆற்றல் எல்லை கொடுத்தால் போதும். நேரத்தை ஃபெர்மியின் சொந்தக் கணக்கில், 2001 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடி என்று கொடுப்பது நல்லது. தரவு ஆரம்பிக்கும் எண் 239557417. இது 2008 ஆகஸ்ட் 4-ஐக் குறிக்கும். விண்கலக் கோப்பு வேண்டும் என்ற கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். தொலைநோக்கி எப்போது எந்தப் பக்கம் பார்த்தது என்பது அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் எக்ஸ்போஷர் கணக்கு, அதாவது ஓரிடத்தைக் கருவி எவ்வளவு பார்த்தது என்ற கணக்கு, போட முடியாது. ஆரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 100 எம்இவியிலிருந்து ஆய்வு என்றால் 15 டிகிரி, 1 ஜிஇவிக்கு மேல் மட்டும் என்றால் 10 டிகிரி. பிறகு விரித்துக்கொள்ளலாம் என்று சின்னதாக இறக்கினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஃபோட்டான் கோப்புகள் பல துண்டுகளாக வரும். எல்லாப் பெயரையும் ஒரு உரைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பெயருக்கு முன் @ குறி போட்டுக் கொடுத்தால் மென்பொருள் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

மென்பொருளின் பெயர் ஃபெர்மிடூல்ஸ். கோண்டா என்ற பொதி நிறுவி வழியாக நிறுவலாம். அதற்கெனத் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிவிடுங்கள், வேறு பைத்தான் வேலைகள் இருக்கும் சூழலில் போட்டால் பதிப்புச் சண்டை நிச்சயம். கோண்டா திணறினால் அதன் மாற்றான மாம்பா வேகமாக முடிக்கும். லினக்ஸில் சிக்கல் குறைவு. விண்டோஸில் நேரடியாக ஓடாது, உள்ளே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் அல்லது டாக்கர் வேண்டும்.

இனி வடிகட்டல். முதலில் ஜிடி-செலக்ட் என்ற நிரல். நிகழ்வு வகுப்பு 128, நிகழ்வு வகை 3 என்பது பெரும்பாலான புள்ளி மூலங்களுக்கு, அதாவது வானில் புள்ளியாகத் தெரியும் கதிர் மூலங்களுக்கு, சரியான தேர்வு. திசையும் ஆரமும் கேட்கும் இடத்தில் எண்ணைக் கையால் அடிக்காமல் இன்டெஃப் என்று விட்டால் கோப்பின் தலைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், எழுத்துப்பிழைக்கு வழி இல்லை. உச்சிக்கோணம், அதாவது பூமிக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து அளக்கும் கோணம், அதன் வரம்பு 90 டிகிரி. விண்வெளியிலிருந்து வரும் வேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் பூமியின் வளிமண்டலத்தைத் தாக்குவதால் பூமியின் விளிம்பே பிரகாசமான காமா வளையமாக ஒளிர்கிறது, அதை வெட்டத்தான் இந்த வரம்பு. அடுத்து ஜிடி-எம்கேடைம். தரவுத்தரம் பூஜ்யத்துக்கு மேல், லாட் அமைவு 1 என்ற இரண்டு நிபந்தனையும் இங்கே போகும். பிரகாசமான சூரியச் சீற்றம் நடந்த நேரங்களைத் தூக்கி எறிவது தரவுத்தர நிபந்தனைதான்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இதற்கடுத்த படியில். எக்ஸ்போஷருக்கான நேரக் கணக்கைப் போடும் ஜிடி-எல்டிகியூப் நிரலிலும் அதே 90 டிகிரி உச்சிக்கோண வரம்பைக் கொடுக்க வேண்டும். அது மறைந்திருக்கும் அளவுரு. நிரல் தானாகக் கேட்காது, கொடுக்காவிட்டால் 180 என்று எடுத்துக்கொள்ளும். ஃபோட்டானை ஒரு வரம்பில் வெட்டிவிட்டு எக்ஸ்போஷரை வெட்டாமல் கணக்கிட்டால், மூலம் உண்மையைவிட மங்கலாக வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஃபிட்டும் (மாதிரியைத் தரவோடு பொருத்தும் கணக்கு) ஒழுங்காக முடியும், விடை மட்டும் தவறு. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதை ஏன் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கவில்லை. கீழ்நிலை ஆற்றலில் கோணத் துல்லியம் கூடிய பிஎஸ்எஃப்3 வகை நிகழ்வுகளை மட்டும் எடுத்தால், சமச்சீர் பின்னணிக் கோப்பிலும் (வானமெங்கும் ஒரே சீராக இருக்கும் ஒளிக்கானது) பிஎஸ்எஃப்3-க்கு உரியதையே போட வேண்டும். பொதுக்கோப்பைப் போட்டாலும் நிரல் முணுமுணுக்காமல் ஓடும்.

பல ஆண்டுத் தரவுக்கு ஜிடி-எல்டிகியூப் மணிக்கணக்கில் ஓடும். காலத்தைப் பிரித்து ஓட்டிப் பிறகு கூட்டிக்கொள்ள ஜிடி-எல்டிசம் இருக்கிறது. இன்னொன்று: வட்டமாக இறக்கிய தரவில் சதுரப் படம்தான் போடப்படும். 15 டிகிரி ஆரத்துக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம் 21 டிகிரி சொச்சம். அதற்கு மேல் இழுத்தால் மூலைகளில் ஃபோட்டான் இருக்காது, ஆனால் மாதிரி அங்கே ஃபோட்டானை எதிர்பார்க்கும். ஆற்றலைப் பத்து மடங்குக்கு 8 முதல் 10 கூறாகப் பிரித்தால் போதும்.

மாதிரிக் கோப்பில் உங்கள் மூலத்தோடு சுற்றியுள்ள எல்லா மூலங்களும் இருக்க வேண்டும். பகுதிக்கு வெளியே 10 டிகிரி வரை இருப்பவையும் சேர வேண்டும், ஏனென்றால் 100 எம்இவியில் ஒரு புள்ளி மூலத்தின் ஒளி 5 டிகிரி அளவுக்குச் சிதறுகிறது. இதைக் கையால் எழுத வேண்டாம், லாட் மூலங்களின் அட்டவணையிலிருந்து தயாரிக்கும் பயனர் நிரல்கள் மையத்தின் தளத்திலேயே உள்ளன. ஆர்வக்கோளாறில் எல்லா மூலத்தின் எல்லா அளவுருவையும் மாறும்படி அவிழ்த்துவிட்டால் ஃபிட் ஒருங்காது, அதாவது ஒரு விடையில் நிற்காது. 3 முதல் 5 டிகிரிக்குள் இருப்பவற்றின் பிரகாசம், உங்கள் மூலத்தின் நிறமாலை (எந்த ஆற்றலில் எவ்வளவு ஒளி என்பது), விண்மீன் மண்டலம், சமச்சீர் என்ற இரண்டு பின்னணிகள், இவ்வளவுதான் முதலில். மீதியை மிச்சப்படத்தை (தரவிலிருந்து மாதிரியைக் கழித்த படம்) பார்த்து ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். ஃபிட் செய்யும் ஜிடி-லைக் நிரலில் முதலில் டிஆர்எம்என்எஃப்பி, பிறகு நியூமினுயிட் என்ற கணக்கு முறைகளில் இரண்டு சுற்று ஓட்டுவது பழைய பழக்கம், இன்றும் செல்லும். இந்தப் படிகளையெல்லாம் ஒரே அமைவுக் கோப்பில் அடக்கும் ஃபெர்மிபை பொதி நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் ஒரு தடவையாவது தனித்தனி நிரல்களாக ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் என்ன உடைகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஃபிட் தரும் டிஎஸ் மதிப்பு, அதாவது மூலம் இருப்பதற்கான பலத்தின் அளவு, 25 என்றால் 5 சிக்மா என்று எழுதிவிடுகிறார்கள் (சிக்மா கூடக் கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). ஒரே ஒரு அளவுரு கூடியிருந்தால் மட்டுமே அது சரி. புதிய மூலத்தின் இடத்தையும் நிறமாலையையும் சேர்த்துத் தேடினால் நான்கு அளவுரு, அப்போது அதே 25 என்பது 4 சிக்மாவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்தின் மையம். ஓரிடத்தில் காமா மூலம் இருக்கிறது என்பது வேறு, அது இன்ன பொருள் என்பது வேறு. லாட்டின் கோணத் துல்லியம் 1 ஜிஇவியில் சுமார் 0.8 டிகிரி, 10 ஜிஇவிக்கு மேல் 0.1 டிகிரியை நெருங்கும். பல ஃபோட்டான் சேர்ந்தால் மூலத்தின் மையத்தை இன்னும் நெருக்கமாகக் குறிக்கலாம். அப்படியும் மங்கலான மூலத்தின் 95% நம்பிக்கை நீள்வட்டத்துக்குள் ரேடியோ, எக்ஸ் கதிர் மூலங்கள் பல இருக்கும். உங்கள் ஃபிட் தரும் நீள்வட்டம் புள்ளியியல் பிழை மட்டும்தான், அட்டவணையில் அதைச் சுமார் 6% பெரிதாக்கிப் போடுகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விளிம்புக்குச் சற்று வெளியே இருந்த பொருளை அவசரப்பட்டுக் கழித்துவிட நேராது.

நான்காம் அட்டவணையான 4எஃப்ஜிஎல் 8 ஆண்டுத் தரவில் 5,064 மூலங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் உறுதியாக அடையாளம் காணப்பட்டவை 358 மட்டுமே. துடிப்பு, வேறு அலைநீளத்தோடு ஒத்துப்போகும் பிரகாச மாற்றம், அல்லது வடிவப் பொருத்தம், இவற்றில் ஒன்று இருந்தால்தான் உறுதி என்று சொல்வார்கள். மற்றவற்றில் பெயர் போட்டிருப்பவை தொடர்புபடுத்தப்பட்டவை, அதாவது இடப்பொருத்தத்தின் நிகழ்தகவு 0.8-ஐத் தாண்டியவை. அட்டவணையில் வகைக் குறியீடு பெரிய எழுத்தில் இருந்தால் அடையாளம், சின்ன எழுத்தில் இருந்தால் தொடர்பு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். 14 ஆண்டுத் தரவில் வந்த இதே அட்டவணையின் நான்காம் திருத்தத்தில் 7,100-க்கும் மேற்பட்ட மூலங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குப் பெயரே இல்லை. பெயர் முடிவில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அது மூலமாகவே இல்லாமல் விண்மீன்களிடை வாயு மேகத்தின் மிச்சமாக இருக்கலாம் என்று எச்சரிக்கை. ‘ஈ’ இருந்தால் பரந்த மூலம். அட்டவணையின் எச்சரிக்கைக் கொடி நெடுவரிசையையும் பாருங்கள், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

உறுதியான அடையாளத்துக்கு எளிய வழி பல்சார், அதாவது சுழன்றபடி சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன். ஜிடி-பேரி கொண்டு நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றி, ரேடியோ அளவீடு தரும் சுழற்சிக் கணக்கில் மடித்தால் துடிப்பு தெரியும். துடிப்பு வந்தால் வழக்கு முடிந்தது. மூன்றாம் பல்சார் அட்டவணையில் இப்படி 294 உள்ளன. நிறுவல் சரியா என்று சோதிக்க வேலா பல்சாரை எடுத்துக்கொள்ளுங்கள், லாட்டின் வானத்தில் நிலையாக ஒளிரும் மூலங்களில் மிகப் பிரகாசமானது அதுதான். நண்டு நெபுலாவை முதல் பாடமாக எடுக்காதீர்கள். பல்சார், சிங்க்ரோட்ரான், தலைகீழ் காம்ப்டன் (பின்னிரண்டும் வேக எலக்ட்ரான்கள் கதிர் உமிழும் வழிகள்) என்று மூன்று கூறு ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

பிளேசார்களுக்கு, அதாவது துகள் தாரையை நம் பக்கம் நீட்டும் விண்மீன் மண்டல மையங்களுக்கு, பிரகாச மாற்றம்தான் துணை. ஒளிவளைவுக் களஞ்சியம் என்ற தனிப் பகுதியில் மாறும் மூலங்கள் 1,525-க்கு 3 நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற இடைவெளிகளில் தயார் நிலையில் வளைவுகள் உள்ளன. வசதிதான். ஆனால் தானியங்கியாகப் போட்டவை, ஒருங்காத புள்ளிகளைச் சோதித்துக் கழிப்பது உங்கள் பொறுப்பு. 2018 மார்ச்சில் ஒரு சூரியத் தகடு சிக்கிக்கொண்டதிலிருந்து விண்கலம் வானத்தைத் தடவும் முறை மாறியது, குறுகிய காலங்களில் எக்ஸ்போஷர் சீராக இருக்காது. சுற்றுப்பாதை சுழலும் 53 நாள் கணக்கும் வளைவில் எட்டிப் பார்க்கும். யாராவது 53 நாள் பருவத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகரலாம்.

காமா, நியூட்ரினோ, காஸ்மிக் கதிர் மூன்றையும் ஒரே பொருளில் இணைத்துப் பார்த்த பெயர்பெற்ற வழக்கு டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார். 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவத்தின் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம், சுமார் 290 டிஇவி ஆற்றல் இருக்கக்கூடிய ஒரு நியூட்ரினோவைப் பிடித்தது. அதே திசையில் இந்தப் பிளேசார் லாட்டில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தரையிலுள்ள மேஜிக் காமா தொலைநோக்கிகளும் 100 ஜிஇவிக்கு மேல் பார்த்தன. தற்செயலாக இப்படி ஒத்துப்போக வாய்ப்பில்லை என்பதற்கான பலம் 3 சிக்மா. பழைய தரவைக் கிளறியபோது 2014-15-இல் அதே திசையில் நியூட்ரினோக் கூட்டம் ஒன்று 3.5 சிக்மாவில் வந்தது. ஆனால் அந்தச் சமயம் லாட்டில் சீற்றம் எதுவும் இல்லை! இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் காமா சீற்றத்தை நியூட்ரினோவின் கைரேகை என்று சொல்லமாட்டார்.

இனி கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சேவை காஸ்மிக் கதிரின் பிறப்பிடத்தைக் காட்டுமா? காஸ்மிக் கதிர்கள் மின்னூட்டம் கொண்டவை. நம் விண்மீன் மண்டலத்தின் மைக்ரோகாஸ் அளவுக் காந்தப்புலத்தில் ஒரு பிஇவி புரோட்டான் சுமார் ஓர் ஒளியாண்டு ஆர வட்டத்தில் சுழன்றுவிடும், மூலங்களோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில். நம்மிடம் வந்து சேரும்போது திசை நினைவே அதற்கு இருக்காது. ஊட்டியில் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர்க் கருவி அணி, புரோட்டான் நிறமாலை 166 டிஇவி அருகே தட்டையாவதை 2024-இல் வெளியிட்டது. நுட்பமான அளவீடு. அதிலிருந்து ஆற்றல் கணக்கு தெரியும், பிறந்த இடம் தெரியாது. ஆகவே புரோட்டான் பிறந்த இடத்தருகே வாயுவில் மோதி உண்டாக்கும் காமா கதிரைத்தான் நம்ப வேண்டும்.

மோதலில் நடுநிலைப் பையான் என்ற துகள் பிறந்து இரண்டு காமாவாகச் சிதையும். அதனால் நிறமாலை சுமார் 200 எம்இவிக்குக் கீழே செங்குத்தாக விழ வேண்டும். 2013-இல் ஐசி 443, டபிள்யூ44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களில் (வெடித்த விண்மீன்களின் மிச்சங்களில்) லாட் குழு இந்த விழுதலைக் காட்டியது. அதை நீங்களும் திரும்பச் செய்யலாம், தரவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் மூச்சு வாங்கும். ஐசி 443-இன் விட்டம் முக்கால் டிகிரி. நீங்கள் பார்க்க வேண்டிய ஆற்றலிலோ லாட்டின் சிதறல் பல டிகிரி. அக்கம்பக்கத்து மூலங்கள், ஜெமிங்கா பல்சார், வாயுப் பின்னணி எல்லாம் ஒன்றாகக் கலக்கும். பிஎஸ்எஃப்3 மட்டும் எடுங்கள், உச்சிக்கோணத்தை 80 டிகிரிக்குக் குறையுங்கள், ஆற்றல் சிதறல் திருத்தத்தை (ஆற்றலைக் கருவி சற்றே பிசகி அளப்பதற்கானது) கட்டாயம் இயக்குங்கள், சமச்சீர் பின்னணிக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். பின்னணி மாதிரியை 5% மேலும் கீழும் அசைத்து மறுபடி ஃபிட் செய்யுங்கள். அந்த அசைவில் விழுதல் மறைந்தால் உங்களிடம் எதுவும் இல்லை. மறையாவிட்டாலும் எலக்ட்ரான் பிரெம்ஸ்ட்ராலுங் (வாயுவில் தடைபடும் எலக்ட்ரான் உமிழும் கதிர்) என்ற போட்டியாளர் இருக்கிறார். எலக்ட்ரான் நிறமாலையில் திடீர் முறிவு ஒன்றை நுழைத்தால் அவரும் கிட்டத்தட்ட அதே வளைவைத் தருவார். ரேடியோ அளவீட்டை அருகில் வைத்துத்தான் அவரை வெளியேற்ற முடியும்.

எச்சங்களின் வடிவத்தை ஆராயும்போது இன்னொரு பொறி. மையம் தரும் விண்மீன் மண்டலப் பின்னணி மாதிரி, பதிப்பு 7, தரவோடு பொருந்துவதற்காகச் சில திட்டுகளை உள்வாங்கியே உருவானது. இரண்டு டிகிரிக்கு மேல் பரந்த ஒளியை ஆராய அது உதவாது. நீங்கள் தேடும் ஒளியையே அது விழுங்கியிருக்கக்கூடும். மையத்தின் எச்சரிக்கைப் பக்கத்தில் இது எழுதியிருக்கிறது, ஆனால் பயிற்சிப் பக்கங்களில் போதிய அளவு உரக்கச் சொல்லவில்லை. இந்தச் சேவையின் ஆவணங்களில் உள்ள பெரிய குறை இதுதான். தகவல் எல்லாம் உண்டு, நான்கு பக்கங்களில் சிதறி.

கடைசி வரம்பு ஆற்றல். காஸ்மிக் கதிர் நிறமாலை முழங்கால் போல் மடிவது சுமார் 3 பிஇவியில். அந்தப் புரோட்டான்கள் உண்டாக்கும் காமா அவற்றின் பத்தில் ஒரு பங்கு ஆற்றலில், சுமார் 300 டிஇவியில் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கும் குறைந்த பயனுறு பரப்பு கொண்ட லாட்டுக்கு அது எட்டாத உயரம். அங்கே சீனாவின் சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்தில் நிற்கும் லாசோ என்ற தரைக் கருவி அணிதான் கதாநாயகன். 2021-இல் 12 மூலங்களிலிருந்து 100 டிஇவிக்கு மேல் ஃபோட்டான்கள் வருவதை அது காட்டியது, அவற்றில் ஒன்று 1.4 பிஇவி. அதுவும் தனியாகப் புரோட்டான் என்று தீர்ப்பளிக்காது. நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பிஇவி ஃபோட்டான் வந்திருக்கிறது, அங்கே எலக்ட்ரான்களே காரணம் என்று சொல்லிவிடலாம். லாட்டின் கீழ்நிலை நிறமாலை, லாசோவின் மேல்நிலை, வாயு மேகத்தின் ரேடியோ வரைபடம், மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டவர்தான் ஏதாவது சொல்ல முடியும்.

துகள்களின் பக்கம் கைவைக்க விரும்பினால் கார்ல்ஸ்ரூவின் கேசிடிசி தரவு மையம் நல்லது, கேஸ்கேட் கருவி அணி பிடித்த காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளைப் பயனராகப் பதிவு செய்து இறக்கலாம். அர்ஜென்டினாவின் பியர் ஓஜே காஸ்மிக் கதிர் ஆய்வகம் 2021-இல் தன் தரவில் 10 சதவீதத்தைப் பொதுவில் வைத்தது, விளக்கமும் நிரலும் கலந்த நோட்டுப்புத்தக வடிவ நிரல்களோடு. வகுப்பறைக்கு அருமை, கண்டுபிடிப்புக்குக் கொஞ்சம் குறைவு.

மதிப்பெண் என்று கேட்டால் தரவுக்கு ஐந்துக்கு ஐந்து, மென்பொருளுக்கு நான்கு, ஆவணங்களுக்கு மூன்று. 16 ஜிபி நினைவகமும் 100 ஜிபி வெற்றிடமும் உள்ள கணினி ஒரு மூலத்துக்குத் தாராளம். சிக்கினால் மையத்தின் உதவி மேசைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுதும்போது ஜிடி-விகட் நிரலின் வெளியீட்டை ஒட்டி அனுப்புங்கள். உங்கள் கோப்பில் எந்த வெட்டு எந்த எண்ணில் போயிருக்கிறது என்று அதில் வரிக்கு வரி இருக்கும், பாதிக் கேள்விகளுக்கு அனுப்பும் முன்பே விடை கிடைத்துவிடும்.